சோறு இருக்க, சிப்ஸுக்கு ஏன் கை போகிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற அம்மிணி ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு ஊட்டுக்கு வந்தா, குண்டாவுல அரிசிம்பருப்பு இருக்குதுங்க. அதத் தொடறதுக்கு முன்னாலயே ஒரு பெரிய பாக்கெட் சிப்ஸ் காலியாயிருது. மொதல் ரெண்டு பிடி பசிக்குத் திங்கறேன், மிச்சத்தை எதுக்குத் திங்கறேன்னே தெரியலைங்க. வேண்டாம்னு தெரிஞ்சே கை போகுது. ஊட்டுக்காரரு, 'உனக்கு வாயக் கட்டத் தெரியல'ங்கறாரு. நெசமா அதானுங்களா?"

இல்லைங்க, அம்மிணி. வாயைக் கட்டத் தெரியாதவராக நீங்கள் இருந்தால் அந்த அரிசிம்பருப்பையும் குண்டாவோடு காலி செய்திருப்பீர்கள். நெய் விட்டுப் பிசைந்த அரிசிம்பருப்பு சுவையில் எதற்கும் இளைத்ததல்ல. ஆனாலும் இரண்டாவது கரண்டி விழுந்ததும் "போதும் போதும்" என்று கை தானாக வட்டலை மறைத்துவிடும். அதே ஆள், அதே வாய், அதே ராத்திரி. சிப்ஸ் பாக்கெட்டில் மட்டும் அந்தப் "போதும்" வரவில்லை. அது எங்கே போயிற்று என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்து, 18 வருஷம் நொறுக்குத்தீனி ஆலைகளில் வேலை பார்த்தவன். இப்போது காங்கேயம் பக்கம் செக்கு ஓட்டுகிறேன். ஆக, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எனக்குத் தெரியும். பிழைப்பு இந்தப் பக்கம் என்பதால் கொஞ்சம் சாய்வும் இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஓர் ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு இதைவிடத் தெளிவானது கிடைக்கவில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு நடத்தி 2019-ல் வெளியிட்டது. 20 பேரை 28 நாள் அங்கேயே தங்க வைத்தார்கள். 14 நாள் முழுக்க ஆலைத் தயாரிப்பு உணவு, 14 நாள் முழுக்க சாதாரணமாகச் சமைத்த உணவு. யாருக்கு எது முதலில் என்பது குலுக்கல் முறையில். முன்னால் வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. "வேண்டிய மட்டும் சாப்பிடுங்க, மிச்சத்தை வெச்சுருங்க" என்பது மட்டும்தான் உத்தரவு. ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள்.

இதில் பலரும் கவனிக்காமல் போவது ஒன்று உண்டு. "எது ருசியாக இருந்தது?" என்று கேட்டபோது இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்தான் போட்டார்கள். ரொம்பப் பிடித்துப்போய் ரொம்பத் தின்றார்கள் என்று சொல்ல வழியில்லை. ஆலை உணவை வேகமாகச் சாப்பிட்டார்கள். சமைத்த உணவு சாப்பிட்ட நாட்களில் பசியைத் தூண்டும் கிரெலின் குறைந்திருந்தது, போதும் என்று சொல்கிற பிஒய்ஒய் என்ற ஹார்மோன் கூடியிருந்தது. அந்த 20 பேரும் ஒரே ஆட்கள். பதினான்காம் நாள் ராத்திரி அவர்களுடைய மனக்கட்டுப்பாடு மாறிவிடவில்லை, தட்டுதான் மாறியது. உங்கள் ஊட்டுக்காரரிடம் இதைச் சொல்லலாம்.

"ஆலை உணவு" என்று மொட்டையாகச் சொன்னால் எனக்கே உறுத்துகிறது. செக்கெண்ணெய்யும் பக்குவம் செய்ததுதான், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் பக்குவம் செய்ததுதான். தயிர், அப்பளம், ஊறுகாய் எல்லாமே அப்படித்தான். பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்து கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-ல் இதைப் பிரித்துக் காட்டினார். நோவா என்ற அவருடைய வகைப்பாட்டில் நாலாவது வகைதான் நாம் பேசுவது: தானியத்தையும் எண்ணெய்யையும் பிரித்தெடுத்த சத்துகளாக்கி, வாசனைப்பொருள், எண்ணெய்யும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கிற குழைமம், நிறம் சேர்த்து மறுபடி உருவம் கொடுத்தவை. நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. பாக்கெட்டின் பின்புறம் படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் மாதிரி, உங்கள் அடுப்படியில் எந்த டப்பாவிலும் இல்லாத சாமான் இருந்தால் அது நாலாவது வகை. எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். அதனால் முதல் மூன்று பெயரைப் பார்த்தாலே பண்டத்தின் குணம் தெரிந்துவிடும்.

இனி அந்தப் "போதும்" எங்கே தொலைகிறது என்று பார்ப்போம். கரும்பிலிருந்து தொடங்குகிறேன், நம் ஊர்க்காரருக்கு அது சுலபம். பொங்கலுக்கு வாங்கின கரும்பைக் கடித்துத் தின்றால் இரண்டு கணுவுக்குள் தாடை வலித்துவிடும், நாக்கு கீறிவிடும். ஆளால் முடிந்தது அவ்வளவுதான். அதையே பிழிந்து ஐஸ் போட்டுக் கொடுத்தால் ஒன்றரை முழக் கரும்பை நின்றபடியே குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போவோம். 1977-ல் இங்கிலாந்தில் ஆப்பிளை வைத்து இதையே அளந்து பார்த்தார்கள். முழு ஆப்பிளைச் சாப்பிட 17 நிமிஷம், கூழாக்கினால் 6 நிமிஷம், சாறாக்கினால் ஒன்றரை நிமிஷம். சர்க்கரை அளவு ஒன்றேதான். வயிறு நிறைந்த உணர்வு மட்டும் அதே வரிசையில் குறைந்துகொண்டே போனது.

வயிறு விரிவதும், குடலிலிருந்து ஹார்மோன்கள் புறப்பட்டு மூளைக்குச் சேதி சொல்வதும் உடனே நடக்கிற காரியமல்ல. கால் மணி நேரம், இருபது நிமிஷம் ஆகும். அதுவரை மூளைக்குத் துணை வாய்தான்: எத்தனை முறை மென்றோம், எவ்வளவு நேரம் நாக்கில் கிடந்தது என்கிற கணக்கு. 50 கிராம் சிப்ஸ் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதில் 270 கலோரி இருக்கிறது. சேதி கிளம்பும்போதே பாக்கெட் குப்பைத்தொட்டியில் கிடக்கும்.

ஆலையில் இதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். எக்ஸ்ட்ரூடர் என்று ஓர் எந்திரம் உண்டு. சோளக்குருணையை உள்ளே தள்ளி, திருகுத்தண்டால் நெரித்து, சூடேற்றி, சின்ன ஓட்டை வழியாக வெளியே தள்ளும். நம் முறுக்கு அச்சுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தத்தில் அடங்கிக் கிடந்த ஈரம், வெளியே வந்த நொடியில் ஆவியாகி வெடிக்கும். மாவு பஞ்சு மாதிரி உப்பிவிடும். அதைச் சுழல்கிற டிரம்மில் போட்டு எண்ணெய்யும் மசாலாவும் தூவுவோம். உப்பும் புளிப்பும் மேற்பரப்பிலேயே ஒட்டியிருப்பதால் நாக்கில் பட்டதும் சுள்ளென்று ஏறும். பல்லுக்கு வேலையே இல்லை, கரைந்துவிடும். கரைந்து மறைகிற பண்டத்தை மூளை கனமான உணவாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் அறிந்த விஷயம். பொரிக்கிற சிப்ஸில் வேறு வித்தை. உருளைக்கிழங்கில் 100-க்கு 80 பங்கு தண்ணீர். பொரித்து முடித்தால் 2 பங்கு மிஞ்சும். தண்ணீர் போன இடத்தில் எண்ணெய் வந்து உட்கார்ந்துகொள்ளும், எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. ஏறத்தாழ நாலு கிலோ கிழங்கு போட்டால் ஒரு கிலோ சிப்ஸ்.

சுவைக் குழு என்று பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைப்போம். ஒரே பண்டம், உப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஆறு கிண்ணம். ஓர் அளவு வரை மதிப்பெண் ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும். அந்த உச்சியைத்தான் ப்ளிஸ் பாயிண்ட் என்கிறார்கள். அமெரிக்காவில் ஹோவர்ட் மாஸ்கோவிட்ஸ் இதைக் கணிதமாக்கி உணவுக் கம்பெனிகளுக்கு வழிகாட்டியவர். வீட்டில் உப்பு ஒரு நாள் தூக்கலாக இருக்கும், ஒரு நாள் குறையும். பாக்கெட்டில் ஒவ்வொரு துண்டும் அந்த உச்சியிலேயே நிற்கும். நொறுங்கும் சத்தத்தைக்கூட விடமாட்டோம். 2004-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸும் இன்னொருவரும் ஆட்களுக்கு ஹெட்போன் மாட்டி, அவர்கள் கடிக்கிற சத்தத்தையே கூட்டியும் குறைத்தும் கேட்க வைத்தார்கள். சத்தம் கூடினால் அதே சிப்ஸ் புதுசாகவும் மொறுமொறுப்பாகவும் தெரிந்தது. நமுத்த அப்பளத்தை யாரும் இரண்டாவது கேட்பதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, எங்கள் ஆட்கள் மறந்தும் சத்தமாகச் சொல்லாதது. ஒரே சுவை தூக்கலாக இருந்தால் நாக்கு சலித்துவிடும். கல்யாண வீட்டில் சோறு இறங்காமல் தவிக்கிறவர் பாயசம் வந்ததும் டம்ளரை நீட்டுகிறார் அல்லவா? சலித்தது சோற்றின் சுவைக்கு, பாயசத்துக்கு இன்னும் சலிப்பு வரவில்லை. பார்பரா ரோல்ஸ் என்பவர் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்தவர். ஆகவே மசாலாத் தூள் செய்யும்போது தக்காளி, வெங்காயம், சீஸ், புளிப்பு, இனிப்பு என்று எதுவும் தலை தூக்காதபடி கலப்பது வழக்கம். "என்ன சுவைன்னு சொல்லத் தெரியல, ஆனா நல்லாருக்கு" என்று சுவைக் குழு சொன்னால் அன்றைக்கு எங்களுக்கு டீயோடு பப்ஸும் உண்டு.

இயற்கையில் கொழுப்பும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரே பண்டத்தில் தாராளமாகக் கிடைப்பது அபூர்வம். தேங்காயில் கொழுப்பு, கரும்பில் சர்க்கரை, அரிசியில் மாவு, கடலைக்காயில் கொழுப்பும் புரதமும். இரண்டும் கணிசமாகச் சேர்ந்து நாம் முதன்முதலில் ருசித்தது தாய்ப்பால்தான். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆட்களை மூளை ஸ்கேனரில் படுக்க வைத்துப் பண்டங்களுக்கு ஏலம் கேட்கச் சொன்னார்கள். கொழுப்பு மட்டும் உள்ளது, மாவு மட்டும் உள்ளது, இரண்டும் கலந்தது. கலோரி ஒன்றேயானாலும் கலந்ததைத்தான் அதிக விலைக்கு ஏலம் கேட்டார்கள். மூளையின் ஆசைப்பகுதியும் அதற்குத்தான் கூடுதலாகத் துடித்தது.

"அப்படின்னா ஒப்புட்டு?" என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். ஒப்புட்டு, கச்சாயம், முறுக்கு, எள்ளுருண்டை எல்லாமே மாவும் இனிப்பும் எண்ணெய்யும் கலந்தவைதான். அந்தக் காலத்து மனுஷருக்கு மனக்கட்டுப்பாடு அதிகம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரு நோம்பியன்று என் அப்புச்சி பதினோரு ஒப்புட்டு சாப்பிட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவன் நான். பன்னிரண்டாவது இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். இல்லை, அதனால் நின்றது.

ஏன் இல்லை? அம்மாயி ஒப்புட்டுச் சுடுவதைப் பார்த்திருக்க வேண்டும். கடலைப்பருப்பை வேகவைத்து, வடித்து, வெல்லம் சேர்த்து, ஆட்டாங்கல்லில் இட்டு ஆட்ட வேண்டும். மாவைப் பிசைந்து எண்ணெய்யில் ஊற வைக்க வேண்டும். விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் போட வேண்டும். மத்தியானம் தொடங்கினால் பொழுது சாய்ந்துவிடும், இடுப்பு ஒடிந்துவிடும். நோம்பி இல்லாத நாளில் போய்ப் "பண்டம் வேணும்" என்று நின்றால், "வேணும்னா மொதல்ல மாவ இடிக்கோணும், வர்றியா?" என்று உலக்கையைக் காட்டுவார். நாங்கள் ஓடிவிடுவோம். சுட்டதில் மிச்சம் உறியில் ஏறிவிடும். எட்டாத உயரம்.

எங்கள் வீட்டில் ஆசைக்குக் கட்டு போட்டவை ஆட்டாங்கல்லும் உலக்கையும் உறியும்தான். பண்டத்துக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு நாள் வேலை கிடந்தது. அவித்த கடலைக்காயிலும் அப்படித்தான், தோலை உரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு படி கடலைக்காயைப் பேசிக்கொண்டே உரித்துத் தின்னும் நேரத்தில் வயிறு தன் சேதியை நிதானமாக அனுப்பிவிடும். உரித்து, வறுத்து, உப்புப் போட்டுப் பாக்கெட்டில் கொடுத்தால் அதே கடலை கைப்பிடி கைப்பிடியாக உள்ளே போகும். ஆலைக்காரர் உங்களுக்குச் செய்த உபகாரம் அந்த வேலை முழுவதையும் தான் எடுத்துக்கொண்டதுதான். ஆட்டுவது, இடிப்பது, பொரிப்பது மட்டுமல்ல, பாதி மெல்வதையும் அவரே செய்துவிட்டார். பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்க்குச் சரம் சரமாகத் தொங்குகிறது. எட்டாத உயரத்தில் எதுவும் இல்லை. எல்லாம் குழந்தையின் கண் மட்டத்தில்.

புரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபென்ஹைமர் என்ற இருவர் வெட்டுக்கிளிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள். 2005-ல் மனிதர்களுக்கும் பொருந்தும் என்று ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: உடம்பு தனக்கு வேண்டிய புரதம் கிடைக்கும் வரை தின்னச் சொல்லிக்கொண்டே இருக்கும். புரதம் நீர்த்துப்போன உணவைக் கொடுத்தால் அதைத் தேடி அதிகம் தின்ன வேண்டியதாகிறது. முழு விளக்கமும் இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிப்ஸில் 100 கிராமுக்கு 6, 7 கிராம் புரதம். கொள்ளிலும் பச்சைப்பயிறிலும் 22 முதல் 24 கிராம். கொள்ளுப் பருப்புக் கடைந்து சோற்றில் ஊற்றிச் சாப்பிட்ட மத்தியானத்தில் நாலு மணிக்கு எதையும் தேடத் தோன்றாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது உங்கள் ராத்திரிக்கு வருகிறேன், ஏனென்றால் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது. காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர ராத்திரி எட்டரை, ஒன்பது. நின்ற நிலையில் துணியில் ஓட்டையும் கறையும் தேடித் தேடிக் கண் பூத்துப்போயிருக்கும். மத்தியானம் ஒரு மணிக்குப் போசியில் கொண்டுபோன சோறு. நாலு மணி டீயோடு ஒரு தேங்காய் பன். அதற்கப்புறம் ஐந்து மணி நேரம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தால் சோற்றைச் சூடு பண்ண வேண்டும், குழந்தைகளுக்குப் போட வேண்டும். பாக்கெட்டைக் கிழிக்க இரண்டு விரல் போதும். அந்த நேரத்தில் எது ஜெயிக்கும் என்று கேட்க வேண்டியதே இல்லை.

தூக்கமும் இருக்கிறது. 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டுமே தூங்க விட்டுப் பார்த்தார்கள். பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க விட்ட ராத்திரிகளோடு ஒப்பிட்டால், போதும் என்கிற லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசிக்கச் சொல்கிற கிரெலின் 28 சதவீதம் கூடியது. பசி 24 சதவீதம் ஏறியது. அதிலும் இனிப்பு, உப்புப் பண்டம், மாவுப் பண்டம் இவற்றின் மேல்தான் ஆசை அதிகமாக ஏறியது. காய்கறி மேல் ஏறிய ஆசை அவ்வளவு இல்லை. இரண்டு ராத்திரிக்கே இப்படி. ஷிப்மென்ட் நேரத்தில் நீங்கள் மாதக்கணக்கில் அப்படித்தான் தூங்குகிறீர்கள்.

அப்புறம் பழக்கம். கோவை, திருப்பூர் பக்கம் தெருமுனைக்கு ஒரு பேக்கரி. பப்ஸ் அடுப்பிலிருந்து இறங்குகிற வாசனை நாலு மணிக்குச் சரியாக ரோட்டுக்கு வரும். பசி இல்லாத ஆளுக்கும் கால் அங்கே திரும்பும். வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்கு ஒரு விளக்கைக் காட்டிவிட்டுப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். ஆரம்பத்தில் சாறு கிடைக்கும்போது மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிற அணுக்கள் துடித்தன. பழகப் பழக, விளக்கு எரிந்ததுமே துடித்தன, சாறு வந்தபோது சும்மா இருந்தன. ஆசை முன்கூட்டியே வந்துவிடுகிறது, ருசி பின்னால் வருகிறது. "எதுக்குத் திங்கறேன்னே தெரியலைங்க" என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதான். கென்ட் பெரிட்ஜ் என்பவர் வேண்டுவதும் விரும்புவதும் மூளையில் தனித்தனி வழி என்று காட்டியிருக்கிறார். உங்களுக்குச் செருப்பைக் கழற்றுவதும் பாக்கெட் சரசரப்பதும்தான் அந்த விளக்கு.

கையோடு சில புரளிகளையும் தள்ளிவிடலாம். பாக்கெட் பண்டத்தைப் பற்றவைத்தால் எரிகிறது, அதனால் பிளாஸ்டிக் என்று வாட்ஸப்பில் சுற்றுகிற வீடியோ வீண். மாவும் எண்ணெய்யும் சேர்ந்தால் எரியத்தான் செய்யும், என் செக்குப் புண்ணாக்கும் எரியும். அஜினமோட்டோ போதைமருந்து என்பதும் தப்பு. ஜப்பானில் கிகுனே இகேடா 1908-ல் கடற்பாசியிலிருந்து பிரித்த குளூட்டமேட் அது. தக்காளியிலும் தாய்ப்பாலிலும் இருக்கிறது. அது செய்கிற வேலை கூட்டாளி வேலை, அடுத்த துண்டை எடுக்கத் தூண்டுவதில் அதற்கும் பங்குண்டு. ரோட்டோரக் காளானை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு ஒரு யோசனை. அதில் காளானைத் தேடினால் முட்டைக்கோஸும் மைதாவும்தான் கையில் சிக்கும். ஆனால் கொதிக்கக் கொதிக்க, ஸ்பூனால் ஊதி ஊதித்தான் சாப்பிட முடியும், ஒரு தட்டோடு ஆள் எழுந்துவிடுவார்.

என் தரப்பையும் விட்டுவைக்கக் கூடாது. "அண்ணா, உங்க செக்கெண்ணெய்ல சுட்டா எவ்வளவு வேணும்னாலும் திங்கலாமுங்களா?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்றால் வியாபாரம் கூடும். எந்த எண்ணெய்யானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். என் எண்ணெய்யில் பொரித்தாலும் முறுக்கு முறுக்குத்தான். வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு வேறு கதை. அதை எண்ணெய், கொழுப்பு வகைகளில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்றால், மனசோடு மல்லுக்கட்ட வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தச் சண்டையில் நீங்கள் தோற்பீர்கள், நானும் தோற்பேன். சண்டையைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். இரண்டாவது போசி ஒன்று சின்னதாகக் கொண்டுபோங்கள். அவித்த முட்டை இரண்டு, நாமக்கல் நமக்குப் பக்கம்தான், 12 கிராம் புரதம். அல்லது பச்சைப்பயிறுச் சுண்டல், அவித்த கடலைக்காய். ஆறு, ஆறரை மணி டீயோடு அது உள்ளே போய்விட்டால் வீட்டு வாசலில் நிற்கிற ஆளே வேறு. இதை மட்டும் பத்து நாள் செய்து பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பெரிய பாக்கெட் வீட்டில் இருக்க வேண்டாம். உறி இல்லாத வீட்டில் உறிக்குப் பதில் கடைதான். வேண்டும் என்று தோன்றினால் போய் வாங்கி வரலாம், நடக்கிற அந்த நாலு நிமிஷமே ஒரு மாவு இடிப்பு. சிப்ஸே கூடாது என்று சத்தியம் செய்யவும் வேண்டாம், சத்தியம் செய்த வாரம்தான் இரண்டு பாக்கெட் போகும். என் வீட்டில் நாங்கள் செய்வது இது: சிப்ஸை அப்பளத்தின் இடத்தில் வைத்துவிட்டோம். அரிசிம்பருப்பை வட்டலில் போட்டு, ஒரு பிடி சிப்ஸை ஓரத்தில் வைத்து, தொட்டுக்கொண்டு சாப்பிடுவது. பாக்கெட் அடுப்படியிலேயே நிற்கும், அதற்குள் கை போகாது. செல்போனும் பக்கத்தில் வேண்டாம். கவனம் வேறெங்கோ இருக்கும்போது ஆட்கள் கூடுதலாகத் தின்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குளிர்பானத்தில் மட்டும் நான் கறார். பலவற்றில் 300 மில்லிக்கு 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும், மெல்வதற்கு ஒன்றுமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது.

சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் பார்க்காத நேரத்தில் வயிறு வலிக்கும்வரை தின்றுவிட்டு அப்புறம் அழுகிற நிலை அடிக்கடி வந்தால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது, வெட்கப்படாமல் போகலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஊட்டுக்காரருக்கு ஒரு சோதனை மட்டும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கி, 650 கிராம் எடைபோட்டு, அவித்து, உப்பு மட்டும் தூவி அவர் முன்னால் வையுங்கள். உங்கள் பெரிய பாக்கெட் 100 கிராம் என்றால் அதில் இருக்கிற கலோரியும் இதில் இருக்கிற கலோரியும் ஏறத்தாழ ஒன்று. ஒரே மூச்சில் சாப்பிடச் சொல்லுங்கள். எத்தனையாவது கிழங்கில் வட்டலைத் தள்ளிவிட்டார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.